ஊரார் முதலும் உல்லாச வாழ்வும்

மோசடி நிதி நிறுவனம் ஒன்று முறிந்து விழுந்ததும், பத்திரிகைகளில் இரண்டு பட்டியல்கள் வெளிவருவது வழக்கம். ஒன்று, பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பற்றியது. ஓய்வூதியத்தை மொத்தமாகக் கட்டிய ஆசிரியர், மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்ததைக் கொடுத்த தாயார், தினக்கூலியில் மிச்சம் பிடித்தவர் என்று அது நீளும். மற்றொன்று, அந்தப் பணத்தை வாங்கியவன் அதைக் கொண்டு சேர்த்த பொருள்களைப் பற்றியது. மாளிகை, வெளிநாட்டு மோட்டார் வண்டிகள், நகைகள், உல்லாசப் படகு என்று அதுவும் நீளும். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. இவ்வளவு பெருந்தொகையைத் தந்திரமாகத் திரட்டிய ஒருவன், அதில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வைத்து அடக்கமாக வாழக் கூடாதா? ஊரறியச் செலவழித்து, ஊர் கண்ணில் தானே ஏன் விழுகிறான்?

பேராசை என்றும் அறிவீனம் என்றும் ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் அந்த விடை போதாது என்பது தெரிய வரும். மோசக்காரனின் ஆடம்பரம் பெரும்பாலும் அவன் தொழிலின் ஓர் அங்கம். அது தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. வளர்வதற்கு வேறொரு காரணம் உண்டு. நிறுத்த முடியாமற் போவதற்கு மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. இவற்றை அறிந்து கொள்வது வீண் ஆராய்ச்சி அன்று. சொந்த ஊரை விட்டு வந்து, வேற்று மாநிலத்தில் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேமிக்கும் நமக்கு அது ஒரு காப்பு.

இவ்வகை மோசடிக்கு உலகமெங்கும் ஒரு மனிதனின் பெயரே வழங்கி வருகிறது. அவன் சார்லஸ் பான்ஸி. 1882-ஆம் ஆண்டு இத்தாலியில் லூகோ என்னும் ஊரில் பிறந்தவன். 1903-இல் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது தன் கையில் இருந்தது இரண்டரை டாலர்தான் என்று பிற்காலத்தில் அவனே சொல்லிக் கொண்டான். உணவு விடுதியில் பாத்திரம் கழுவினான், பரிமாறினான், ஓரிடத்திலும் நிலைக்கவில்லை. பிறகு கனடாவிலுள்ள மாண்ட்ரியல் நகருக்குச் சென்று ஒரு சிறு வங்கியில் வேலைக்கு அமர்ந்தான்.

அந்த வங்கியை நாம் சற்றுக் கவனிக்க வேண்டும். ஜரோஸ்ஸி என்னும் இத்தாலியர் நடத்திய அதற்கு வாடிக்கைக்காரர்கள், இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்கள். அந்நிய நகரில் அந்நிய மொழி பேசும் பெரிய வங்கிகளின் வாசற்படி ஏற அவர்கள் கூசினார்கள். தங்கள் மொழியில் பேசி, தங்கள் ஊரை விசாரித்து, மற்ற வங்கிகளைப் போல் இரண்டு பங்கு வட்டியும் தருவதாகச் சொன்ன இடத்தை அவர்கள் நாடியதில் வியப்பில்லை. ஆனால் அந்த வட்டி ஆதாயத்திலிருந்து வரவில்லை. புதிதாகக் கட்டியவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்கு வட்டியென்று கொடுத்து வந்தார்கள். வங்கி முறிந்தது; ஜரோஸ்ஸி மெக்ஸிகோவுக்கு ஓடினார். பான்ஸியோ பொய்க் கையெழுத்திட்ட காசோலை ஒன்றால் சிறை சென்றான். பின்னாளில் தன் பெயரால் வழங்கப்போகும் வித்தையின் பாலபாடத்தை அவன் அந்த வங்கியிலேயே படித்துவிட்டான்.

மீண்டும் பாஸ்டனுக்கு வந்த பான்ஸிக்கு 1919-இல் ஸ்பெயின் தேசத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதனுள் ‘சர்வதேச பதில் கூப்பன்’ என்னும் ஒரு சீட்டு இருந்தது. அயல்நாட்டாருக்குக் கடிதம் எழுதுகிறவர், பதிலுக்கான தபால் செலவைத் தாமே ஏற்பதற்காக அதை உடன் வைத்து அனுப்புவார். பெற்றவர் தம் நாட்டுத் தபாலாபீசில் அதைக் கொடுத்துத் தபால்தலை வாங்கிக் கொள்ளலாம். முதல் உலக யுத்தத்துக்குப் பின் இத்தாலிய நாணயத்தின் மதிப்பு சரிந்திருந்தது. கூப்பனின் விலையோ பழைய கணக்கிலேயே நின்றது. ஆகவே இத்தாலியில் மலிவாகக் கூப்பன் வாங்கி, அமெரிக்காவில் அதிக மதிப்புள்ள தபால்தலைகளாக மாற்றலாம் என்று பான்ஸி கண்டான். காகிதத்தில் கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் மூட்டை மூட்டையாகக் கூப்பன் வாங்குவது எப்படி? அவற்றைத் தபால்தலையாக்கி, தபால்தலையைப் பணமாக்குவது எப்படி? இதற்கு அவனிடம் விடை இல்லை. விடை இல்லாமலே கம்பெனியைத் தொடங்கினான். 45 நாளில் நூற்றுக்கு ஐம்பது லாபம், 90 நாளில் போட்ட பணம் இரட்டிப்பு என்று அறிவித்தான்.

1920-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விரல் விட்டு எண்ணத்தக்க சிலரே பணம் கட்டினார்கள். அவர்களுக்குச் சொன்ன நாளில் சொன்ன தொகை கிடைத்தது. அந்தச் செய்தி பரவியது. இத்தாலியக் குடியேறிகள் முதலில் வந்தார்கள். பிறகு குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், போலீஸார் என்று எல்லாரும் வந்தார்கள். ஜூலை மாதத்தில் வாரத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது.

இந்த இடத்தில்தான் ஆடம்பரம் அரங்கேறுகிறது. லெக்ஸிங்டன் என்னும் செல்வர் வாழும் ஊரில் பெரிய மாளிகை ஒன்றை வாங்கினான். அதற்கு வெந்நீர் நீச்சல் குளம் உண்டு. சாரதி ஓட்டும் ‘லோகோமொபில்’ என்னும் விலையுயர்ந்த மோட்டார் வண்டி வாங்கினான். மனைவிக்கு நகை பூட்டினான். தாயை இத்தாலியிலிருந்து வரவழைத்தான். ஒரு காலத்தில் அவனுக்குக் கடன் தர மறுத்த ஹானோவர் டிரஸ்ட் என்னும் வங்கியிலேயே அதிகாரம் செலுத்தத்தக்க அளவுக்குப் பங்குகளை வாங்கிக் கொண்டான்.

இவற்றை வெறும் ஊதாரித்தனம் என்று கொள்வது சரியன்று. பான்ஸியிடம் விற்பதற்குச் சரக்கு இல்லை. ஆலை இல்லை, தோட்டம் இல்லை, கப்பல் இல்லை. கூப்பன் வியாபாரம் உண்மை என்பதற்கு ஜனங்கள் கண்ணால் காணக்கூடிய சாட்சி அவன் வண்டியும் மாளிகையுமே. ‘தனக்கே இவ்வளவு சம்பாதித்தவன் நமக்கும் சம்பாதித்துத் தருவான்’ என்று அவர்கள் நினைத்தார்கள். வியாபாரி கடைக்கு முகப்பு வைப்பது போல, மோசக்காரன் தன் வாழ்க்கையையே கடையின் முகப்பாக்குகிறான். அவன் கிழிந்த சட்டையோடு நடந்து வந்து, ‘உங்கள் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன்’ என்று சொன்னால் யார் கேட்பார்கள்? எலிப்பொறிக்கு வடை எப்படியோ, அப்படியே அவனுக்கு ஆடம்பரம். இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் கணக்கில் இருக்கிறது. 45 நாளுக்கு ஐம்பது சதவீதம் என்பதைச் சற்றுப் பெருக்கிப் பார்ப்போம். நூறு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் கட்டினார்கள் என்று வைத்துக் கொள்வோம். 45 நாள் கழித்து அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது 15,000 ரூபாய். உண்மையான ஆதாயம் ஏதும் இல்லாததால், நூறு ரூபாய் கட்டும் புதியவர்கள் 150 பேர் வேண்டும். அந்த 150 பேருக்குத் திருப்பித் தர 225 பேர் வேண்டும். இப்படியே எட்டுச் சுற்று போனால், அதாவது 360 நாளில், 2,563 பேர் வேண்டியிருக்கும். மோசக்காரன் ஒரு காசும் தனக்கென்று எடுக்காமல் துறவியைப் போல வாழ்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆட்கள் வருவது என்றைக்குக் குறைகிறதோ அன்றைக்கு வீடு இடிந்து விழும்.

இதை வெளியாட்கள் அறிவதற்கு முன்பே அவன் அறிவான். பள்ளம் கோடிக் கணக்கில் இருக்கும்போது, ஒரு வண்டியை வாங்காமல் விட்டு லட்சம் மிச்சம் பிடிப்பதால் அது தூராது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் ஜாண் போனால் என்ன, முழம் போனால் என்ன? நேர்மையான வியாபாரிக்குச் செலவென்பது நாளைய முதலில் குறைவு. மோசக்காரனுக்கு நாளை என்பதே இல்லை. ஆகவே அவன் கையில் சிக்கனம் அர்த்தமற்றதாகிறது. பணத்தைப் புதைத்து வைக்கலாம் என்றால், தினமும் வாசலில் நின்று பணம் கேட்பவர்களுக்குக் கொடுக்க அதே பணம் வேண்டும். அடக்கமாக ஒதுங்கலாம் என்றால், ஒதுங்கிய மறுநாளே சந்தேகம் பிறக்கும்.

பான்ஸிக்கு அந்தச் சோதனை 1920 ஜூலைக் கடைசியில் வந்தது. பாஸ்டன் போஸ்ட் என்னும் பத்திரிகை சந்தேகங்களைக் கிளப்பியது. கிளாரன்ஸ் பாரன் என்னும் பொருளாதார எழுத்தாளர் ஓர் எளிய கணக்கைக் காட்டினார். பான்ஸி சொல்லும் வியாபாரம் நடக்க வேண்டுமானால் 16 கோடி கூப்பன்கள் புழக்கத்தில் இருக்க வேண்டும். உண்மையில் இருந்தவை ஏறத்தாழ 27,000 மட்டுமே. ஜனங்கள் பணத்தைத் திரும்பக் கேட்டுத் தெருவை அடைத்தார்கள். பான்ஸி ஓடினானா? இல்லை. சிரித்த முகத்தோடு கூட்டத்தினிடையே வந்து, வரிசையில் நின்றவர்களுக்குக் காபியும் தின்பண்டமும் வழங்கினான். மூன்று நாளில் இருபது லட்சம் டாலர் வரை திருப்பிக் கொடுத்தான். அதைக் கண்டு மனம் மாறி, பணத்தை வாங்காமலே வீடு திரும்பியவர்களும் உண்டு! ஆயினும் ஆகஸ்டு மாதத்தில் அவனுடைய விளம்பர அதிகாரியே அவன் கடனில் மூழ்கியவன் என்று எழுதினார். பழைய சிறைவாசமும் வெளிப்பட்டது. ஆகஸ்டு 12-ஆம் தேதி அவன் அதிகாரிகளிடம் சரணடைந்தான். அவனோடு தொடர்பு கொண்ட வங்கிகளும் வீழ்ந்தன. பல ஆண்டு வழக்குகளுக்குப் பின் ஏமாந்தவர்களுக்குக் கிடைத்தது டாலருக்கு 40 செண்டுக்கும் குறைவு. சிறையிலிருந்து விடுபட்டு 1934-இல் நாடு கடத்தப்பட்ட பான்ஸி, 1949-இல் ரியோ டி ஜெனிரோ நகரத்தில் ஏழைகளுக்கான தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்தான்.

மூன்றாவது காரணம் மனித மனத்தைப் பற்றியது. பாத்திரம் கழுவிய பான்ஸிக்குப் பணத்தைக் காட்டிலும் பெரிதாக ஒன்று வேண்டியிருந்தது, அது மதிப்பு. தன்னை வாசலில் நிறுத்திய வங்கியில் அவன் ஆசனம் வாங்கியதை நினைத்துப் பாருங்கள். பணத்தை ஒளித்து வைத்தால் மதிப்புக் கிடைக்காது, காட்டினால்தான் கிடைக்கும். அத்துடன், உழைத்துச் சேர்த்த ரூபாயில் உழைப்பின் நினைவு ஒட்டிக் கொண்டிருக்கும். அதைச் செலவிடும்போது கை தயங்கும். பிறர் ரூபாயில் அந்த நினைவு இல்லை. ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று நம் முன்னோர் இதைச் சிரிப்போடு சொல்லி வைத்தார்கள்.

இந்த மதிப்புத் தேடல் தானமாகவும் கலையாகவும் விளையாட்டாகவும் வேஷம் போடுவதுண்டு. ஆலன் ஸ்டான்போர்டு என்னும் அமெரிக்கர் ஆன்டிகுவா தீவில் வங்கி நடத்தினார். 2008 ஜூன் மாதத்தில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஹெலிகாப்டரில் வந்திறங்கி, இரண்டு கோடி டாலர் பரிசுக்கு ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை அறிவித்தார். அவ்வாட்டம் அதே ஆண்டு நவம்பரில் நடந்தது. அவர் பெயர் தாங்கிய அணி இங்கிலாந்தைத் தோற்கடித்தது. அடுத்த ஆண்டே அவருடைய வங்கியின் வைப்புப் பத்திரங்கள் பெரும் மோசடி என்று அமெரிக்க அதிகாரிகள் வழக்குத் தொடுத்தனர். 2012-இல் அவருக்கு 110 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைதான் இது. தேங்காய்க்குச் சொந்தக்காரர்கள் சேமிப்பை இழந்தார்கள். உடைத்தவருக்குச் சில காலம் புகழ் கிடைத்தது.

நம் நாட்டிலும் உதாரணங்களுக்குக் குறைவில்லை. 1992-ஆம் ஆண்டு பம்பாயில் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் விவகாரம் வெடித்தது. வங்கிகள் ஒன்றுக்கொன்று சர்க்கார் கடன் பத்திரங்களைக் கைமாற்றும்போது, இடையில் நின்ற தரகர் அந்தப் பணத்தைப் பங்கு மார்க்கெட்டுக்குத் திருப்பினார். வெறும் ரசீதுகளை நம்பி வங்கிகள் பணம் கொடுத்திருந்தன. சில ரசீதுகளுக்குப் பின்னால் பத்திரமே இல்லை. சுமார் 200 ரூபாய் விலை போன ஏ.ஸி.ஸி. சிமெண்டுப் பங்கு 9,000 ரூபாயை நெருங்கியது. வோர்லி கடற்கரையில் 15,000 சதுர அடி வீடும், அக்காலத்தில் இந்தியத் தெருக்களில் காண அரிதான லெக்ஸஸ் வண்டியும் பத்திரிகைகளில் படங்களாக வந்தன. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் அவர் வாங்கும் பங்கைத் தாமும் வாங்க ஓடினார்கள். அதனால் விலை மேலும் ஏறியது. 1992 ஏப்ரல் 23-இல் டைம்ஸ் ஆப் இந்தியாவில் சுசேதா தலால் எழுதிய செய்தி முடிச்சை அவிழ்த்தது. ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு, வங்கிகளுக்கு நேர்ந்த குறைவைச் சுமார் 4,000 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. மேத்தா 2001 டிசம்பர் 31-இல் காவலில் இருக்கும்போதே காலமானார்.

2013-இல் மேற்கு வங்காளத்தில் முறிந்த சாரதா குழுமத்தின் கதை வேறு விதம். அங்கே பணம் வந்தது பெருநகரத்திலிருந்து அன்று, கிராமங்களிலிருந்து. அதைத் திரட்டியவர்கள் அதே கிராமத்தைச் சேர்ந்த முகவர்கள். ஒருவருக்கு உறவினர், மற்றொருவருக்குப் பள்ளித் தோழர். நிறுவனமோ செய்தித்தாள்களும் தொலைக்காட்சி நிலையங்களும் நடத்தியது. கல்கத்தாவின் புகழ்பெற்ற கால்பந்துக் குழுக்களுக்கு உதவித் தொகை அளித்தது. அப்பெயரைத் தினமும் பத்திரிகையிலும் மைதானத்திலும் கண்ட குடியானவருக்கு, அது பொய்யாக இருக்கக் கூடும் என்ற எண்ணமே வரவில்லை. நிறுவனம் விழுந்தபோது லட்சக் கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. ஊர்க்காரரிடம் வாங்கிக் கொடுத்த முகவர்கள், ஊரில் தலை காட்ட முடியாமல் தவித்தார்கள்.

அப்படியானால் ஆடம்பரமில்லாதவரை நம்பலாமா? அதுவும் ஆபத்தே. 1906 அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. வெள்ளைக்காரர் நடத்திய அந்தப் பழைய ஸ்தாபனத்தின் புகழ் ஒரு நூற்றாண்டாக வேரூன்றியிருந்தது. ஜமீன்தார்களும் வக்கீல்களும் விதவைகளும் கோயில் தர்மகர்த்தாக்களும் அதில் பணம் போட்டிருந்தார்கள். அங்கே புதுப் பணக்காரனின் டம்பம் ஏதும் தேவைப்படவில்லை. பழைய பெயரே போதுமாயிருந்தது. பணமோ லண்டனிலிருந்த கூட்டாளி மக்ஃபாடியனின் ஊக பேரங்களில் கரைந்திருந்தது. அவர் ரயிலின் முன் விழுந்து உயிர் துறந்தார். சென்னையிலிருந்த ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அந்தத் துயரத்திலிருந்து ஒரு நன்மையும் விளைந்தது. வி. கிருஷ்ணஸ்வாமி அய்யர் முதலிய பெரியவர்கள் முனைந்து 1907-இல் இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தார்கள். நியூயார்க்கின் பெர்னார்டு மேடாப் கையாண்ட வழியும் இத்தகையதே. அவருக்கும் மாளிகையும் படகும் உண்டு. ஆனால் அவர் பணத்தை ஈர்த்தது அவற்றைக் காட்டியன்று, ‘இப்போது இடமில்லை’ என்று பலரை மறுத்து அனுப்பியே. 2008-இல் அவர் அகப்பட்டபோதுதான் உலகம் விழித்துக் கொண்டது.

ஆகவே தூண்டில் ஒன்றேயல்ல என்பது விளங்கும். ஒருவன் வண்டியைக் காட்டுவான். ஒருவன் வம்சத்தைக் காட்டுவான். ஒருவன் பக்தியைக் காட்டுவான். இன்னொருவன் நம் மொழியைக் காட்டுவான். கடைசியாகச் சொன்னது நமக்கு மிக நெருக்கமானது. மும்பையிலோ டில்லியிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழர் ஒருவர், நாள் முழுதும் பிற மொழியில் பேசிக் களைத்த பின், தமிழ்க் குரலைக் கேட்டால் மனம் நெகிழ்வது இயல்பு. ‘நம்ம ஊர்க்காரர்’ என்ற சொல்லில் எவ்வளவு ஆறுதல் இருக்கிறது! அந்த ஆறுதலை இழக்க வேண்டியதில்லை. ஆனால் மாண்ட்ரியல் நகரத்து இத்தாலியத் தொழிலாளர்களை ஏமாற்றியதும் அவர்களுடைய தாய்மொழியே என்பதை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். மொழி உறவுக்குச் சான்று. கணக்குக்குச் சான்று அன்று.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏளனம் செய்வதும் தவறு. வாங்கும் சம்பளம் வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போய்விட, ஊரில் இடிந்து கிடக்கும் வீட்டை எடுத்துக் கட்ட எண்ணுகிறவர் வட்டி சற்று அதிகம் கிடைக்குமா என்று பார்ப்பது குற்றமாகாது. குற்றம் அந்த ஆசையை மூலதனமாக்கிக் கொண்டவனுடையது. இழந்தவர் வெட்கப்பட்டு வாய் மூடி இருப்பதுதான் அடுத்த மோசக்காரனுக்குப் பெரிய உதவி.

சட்டமும் இன்று சில காப்புகளைத் தருகிறது. 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி முறிந்த பின், 1962 முதல் வங்கி வைப்புகளுக்கு இன்சூரன்ஸ் ஏற்பட்டது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான் காப்பு. 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சீட்டு நடத்துவோர் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற வேண்டும். அனுமதியின்றிப் பொதுமக்களிடம் வைப்பு வாங்குவதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் சட்டம் பெரும்பாலும் வீடு எரிந்த பின் வரும் தண்ணீர். கார்களையும் நகைகளையும் ஏலம் போட்டால் ஏதோ கிடைக்கும். விருந்தும் விளம்பரமும் வாண வேடிக்கையுமாகப் போனது திரும்பி வராது.

ஆதலால் பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவது நல்லது. என் பணம் எங்கே, எந்தத் தொழிலில் வேலை செய்யப் போகிறது? அந்தத் தொழில் இவ்வளவு லாபம் தருமானால், அதை நடத்துகிறவர் வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்காமல் என்னிடம் ஏன் வருகிறார்? எந்த அதிகாரியிடம் பதிவு பெற்றிருக்கிறார்? பதிவு எண்ணை அந்த அலுவலகத்திலேயே விசாரித்து அறிந்தேனா? இவை நான்கும் எளிய கேள்விகள். 1920-இல் பாஸ்டன் நகரத்தில் பாரன் கேட்டதும் இத்தகைய கேள்விதான். அவர் மாளிகையைப் பார்க்கவில்லை, கூப்பன்களை எண்ணினார். நேர்மையாளர் இக்கேள்விகளுக்குக் காகிதத்தை எடுத்து வைத்து விடை சொல்வார். விடைக்குப் பதிலாகத் தம் வண்டியையும் வீட்டையும் தமக்கு மாலையிட்ட பிரமுகர்களின் படங்களையும் காட்டுகிறவரிடம், நம் பணத்தைக் கொடுக்காமல் வணக்கம் சொல்லி எழுந்து வந்துவிடலாம்.